பேப்பர்ல ஸ்க்ரீன் வரைஞ்சு யூசர் டெஸ்ட் பண்ணவங்க இருக்கீங்களா? டீம ஒத்துக்க வைக்கணும்

பென்சில்முனை:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஆறு பேர் சேர்ந்து ஒரு கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் புக் பண்ற ஆப் செய்றோம். இன்னும் ஒரு வரி கோட் கூட எழுதல, ஸ்க்ரீன் எப்படி வரணும்னுதான் ரெண்டு வாரமா பேசிட்டு இருக்கோம், பேசப் பேச ஆளுக்கு ஒரு கருத்துதான் வருதே தவிர முடிவு வரல. நான் சொன்னேன், பேப்பர்ல வரைவோம், வெளியாள் நாலு பேர கூப்பிட்டு உக்கார வெச்சு அவங்க விரலாலயே தொட்டு புக் பண்ணச் சொல்லுவோம், எங்க முட்டுதுன்னு அப்பவே தெரிஞ்சுரும்னு. டீம் லீட் என்ன சொல்றாருன்னா, பேப்பர கொண்டு போய் வெளியாள் முன்னாடி வெச்சா நம்மள சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க, அழகா டிசைன் முடிச்சுட்டு காட்டலாம்ங்கறாரு.

எனக்கு இதுல நம்பிக்கை இருக்கு ஆனா கையில அனுபவம் இல்ல. நிஜமாவே செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க. என்னென்ன தேவை, எத்தன பேர கூப்பிடணும், எங்க சொதப்பும்? எல்லாத்தையும் கேட்டுக்கறேன்.

செமிகோலன்:
உங்க லீட் சொல்றதுல பாதி சரின்னு நெனைக்கிறேன். பேப்பர் எல்லாம் டிசைன் டூல் இல்லாத காலத்து வழி. இப்போ ரெடிமேட் பட்டன், ஃபார்ம் எல்லாம் இழுத்துப் போட்டு அரை நாள்ல கிளிக் ஆகுற மாதிரியே செஞ்சுடலாம், ஃபோன்லயே ஓட்டிக் காட்டலாம். அப்படி இருக்கும்போது கத்திரிக்கோல் பசை எல்லாம் எதுக்கு? நான் எதிர்த்துப் பேசணும்னு பேசல, நிஜமா காரணம் தெரிஞ்சுக்கணும்.

கட்டவிரல்:
பென்சில்முனை, தாராளமா பண்ணுங்க தம்பி. நான் பதினோரு வருஷமா இந்த வேலைல இருக்கேன், இன்னிக்கும் முதல் ரவுண்டு பேப்பர்லதான்.

செமிகோலன் கேட்டது நியாயமான கேள்வி, அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். வேகம் மட்டும்தான் காரணம்னா நீங்க சொல்ற மாதிரி டூலே போதும். காரணம் அது இல்ல. முழுசா முடிஞ்ச மாதிரி தெரியுற ஒரு ஸ்க்ரீன ஒருத்தர் முன்னாடி வெச்சா அவங்க அந்த கலர், அந்த எழுத்து, அந்த ஐகான் பத்தி பேசுவாங்க. "இந்த நீலம் கொஞ்சம் டார்க்கா இருக்கே"ம்பாங்க. பென்சில்ல கிறுக்கினத வெச்சா அதப் பத்தி பேச ஒண்ணுமே இல்ல, அதனால "எனக்கு இது எதுக்குன்னே புரியல, நான் தேடுறது இங்க இல்லையே"ன்னு நேரா விஷயத்துக்கு வந்துடுவாங்க. இன்னொண்ணு, எங்க டீம்ல நான் கண்கூடா பாத்தது: மூணு நாள் உக்காந்து அழகா செஞ்ச ஸ்க்ரீன தூக்கிப் போட செஞ்சவருக்கு மனசே வராது. டெஸ்ட்ல நாலு பேர் தடுமாறினாலும் "அவங்களுக்கு பழகிடும்"னு அத காப்பாத்தப் பாப்பாங்க. பத்து நிமிஷத்துல வரைஞ்சத கிழிச்சுப் போட யாருக்கும் வலிக்காது.

இப்போ எப்படி பண்றதுன்னு சொல்றேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

ஃபோன் ஆப்னா ஃபோனோட நிஜ சைஸ்லயே வரைங்க. ஏ4 தாள் முழுக்க பெருசா வரைஞ்சா ஒரே ஸ்க்ரீன்ல பத்து விஷயத்த அடைச்சுடுவீங்க, நிஜத்துல அது கொள்ளாது. தொடுற இடம் ஒவ்வொண்ணும் ஒரு சென்டிமீட்டருக்கு ரொம்பக் குறையாம பாத்துக்கங்க. பாப்அப்புக்கு ஸ்டிக்கி நோட். ட்ராப்டவுனுக்கு ஒரு சின்ன துண்டு தாள மடிச்சு வெச்சுக்கிட்டா தொட்டதும் விரிச்சுடலாம். ஸ்க்ரோல் வேணும்னா அட்டையில ஃபோன் ஜன்னல் மாதிரி ஓட்டை வெட்டி பின்னாடி நீளமான தாள மேலயும் கீழயும் இழுக்கலாம். அவங்க டைப் பண்ண வேண்டிய இடத்துல ஓஎச்பி ஷீட் மாதிரி கண்ணாடித் தாள் ஒண்ணு மேல போட்டு மார்க்கர் குடுங்க, எழுதுவாங்க, அடுத்த ஆளுக்கு தொடச்சுக்கலாம். ஸ்கேல் வெச்சு கோடு போடாதீங்க, கையால போட்டாலே போதும். ஆனா எழுத்து மட்டும் படிக்கிற மாதிரி இருக்கணும், பட்டன்ல இருக்கற வார்த்தை என்னவோ அதத்தான் நாம பாதி நேரம் டெஸ்ட் பண்றோம், அதனால "இங்க ஏதோ டெக்ஸ்ட் வரும்"னு வளைஞ்ச கோடு போட்டு வெக்கிறது ரொம்ப தப்பு.

ஆள் மூணு பேர் வேணும். ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பேசறவர். ஒருத்தர் கம்ப்யூட்டர், யூசர் எதத் தொடுறாரோ அதுக்கேத்த தாள எடுத்து வெக்கிறது மட்டும்தான் அவர் வேலை. ஒருத்தர் குறிப்பெடுக்கறவர். கம்ப்யூட்டரா இருக்கறவர் பேசவே கூடாது, முகத்துலயும் ஒண்ணும் காட்டக் கூடாது. மூணுல இதுதான் கஷ்டம். யூசர் தப்பான பட்டன தொடப் போறப்ப நம்மள அறியாமயே கை சரியான தாள் பக்கம் போகும், யூசர் அத கவனிச்சுருவார், அதோட அந்த டெஸ்ட் கெட்டுப் போச்சு. தாள் தேட நேரம் ஆச்சுன்னா "கொஞ்சம் பொறுங்க"ன்னு எழுதின ஒரு கார்டு வெச்சுக்கங்க, அத முன்னாடி வெச்சுட்டு நிதானமா தேடலாம்.

குடுக்கற டாஸ்க்ல ஸ்க்ரீன்ல இருக்கற வார்த்தைய போடாதீங்க. பட்டன்ல "புதிய அப்பாயின்ட்மென்ட்"னு இருந்து நீங்களும் "புதிய அப்பாயின்ட்மென்ட் போடுங்க"ன்னு சொன்னா அவங்க கண்ணு அந்த வார்த்தையத் தேடிப் புடிக்கும், அவ்ளோதான். "ரெண்டு நாளா காய்ச்சல், நாளைக்கு சாயங்காலம் டாக்டர பாக்கணும், என்ன பண்ணுவீங்க?" இப்படி நிலைமைய மட்டும் சொல்லுங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா சொல்ல வேண்டிய வாக்கியம்: "நாங்க உங்கள டெஸ்ட் பண்ணல, நாங்க வரைஞ்சதத்தான் டெஸ்ட் பண்றோம், உங்களுக்கு புரியலன்னா தப்பு எங்க மேல." சொல்றதோட நில்லாம நம்பவும் வைக்கணும். ஒரு தடவ ஒரு பெரியவர் ஒரு ஸ்க்ரீன்ல மாட்டிக்கிட்டு "எனக்குப் படிப்பு பத்தாதும்மா"ன்னு சொன்னாரு. எனக்கு அன்னிக்கு முழுக்க மனசு ஆறல. அந்த ஸ்க்ரீன்ல தப்பு எங்களோடது, அவர் தன்னத்தான் குறை சொல்லிக்கிட்டார்.

பென்சில்முனை:
அக்கா இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. இத அப்படியே பிரிண்ட் எடுத்து வெச்சுக்கிட்டேன். யூசர் சத்தமா யோசிக்கணும்னு படிச்சேன், அது பேப்பர்லயும் செய்யலாமா?

கட்டவிரல்:
செய்யலாம், செய்யணும். "மனசுல ஓடுறத அப்படியே வாயால சொல்லிட்டே பண்ணுங்க"ன்னு முதல்லயே சொல்லிடுங்க. நடுவுல அமைதியாயிட்டா "இப்போ என்ன தேடுறீங்க?" ஒண்ணத் தொடப் போனா "தொட்டா என்ன வரும்னு நெனைக்கிறீங்க?" இந்த ரெண்டு கேள்வி போதும். அவங்க உங்களக் கேட்டா, "இத அமுக்கணுமா?"ன்னு, பதில் சொல்லாதீங்க. "நான் பக்கத்துல இல்லன்னா என்ன பண்ணுவீங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. வாய் வரைக்கும் பதில் வரும், அடக்கிக்கணும்.

தூக்கணாங்குருவி:
லீட்ட ஒத்துக்க வைக்க கொஞ்சம் வரலாறு சொல்லலாம், எனக்கு இந்தக் கதையெல்லாம் ரொம்பப் பிடிக்கும்.

1981ல இருந்து 1985 வரைக்கும் ஸ்காண்டிநேவியாவுல யுடோபியான்னு ஒரு ப்ராஜெக்ட் நடந்துச்சு. பத்திரிகை அச்சுத் தொழிலாளிங்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, வரப்போற கம்ப்யூட்டர் பக்க வடிவமைப்பு எப்படி இருக்கணும்னு அட்டைப் பெட்டியும் தாளும் வெச்சு நடிச்சுப் பாத்தாங்க. அதுல லேசர் பிரின்டர்னு வெச்சிருந்தது ஒரு காலி அட்டைப் பெட்டி, மேல பேர் மட்டும் எழுதியிருந்துச்சு. வேலைய நெசமா செய்றவங்களே கையால தொட்டு "இது இங்க இருந்தா எனக்கு வசதிப்படாது"ன்னு சொல்ல முடிஞ்சுச்சு பாருங்க, அதுதான் அதுல பெரிய விஷயம்.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல விளையாட்டு வீரர்கள் ஒருத்தருக்கொருத்தர் குரல் செய்தி விட்டுக்க ஐபிஎம் ஒரு சிஸ்டம் வெச்சாங்க. அதுக்கும் கோட் எழுதறதுக்கு முன்னாடியே, ஆள் என்ன அமுக்குவார் மெஷின் என்ன சொல்லும்னு தாள்ல எழுதி பலபேர்கிட்ட காட்டி கருத்து கேட்டாங்க.

அப்புறம் ஜெஃப் ஹாக்கின்ஸ். 1996ல வந்த பாம் பைலட்ங்கற கையடக்கக் கம்ப்யூட்டர உருவாக்கினவர். அதுக்கு முன்னாடி அவர் அந்த சைஸ்ல ஒரு மரக்கட்டைய சட்டைப் பையில போட்டுக்கிட்டு திரிஞ்சாரு, யாராவது மீட்டிங் எப்போன்னு கேட்டா கட்டைய எடுத்து குச்சியால தட்டிப் பாப்பாராம்.

ஆராய்ச்சியும் இருக்கு. 1996ல விர்சி, சோகொலவ், காரிஸ் மூணு பேரும் ஒரே ப்ராடக்ட்ட பேப்பர் மாதிரியான எளிய வடிவத்துலயும் நிஜத்துக்குப் பக்கத்துல இருக்கற வடிவத்துலயும் டெஸ்ட் பண்ணிப் பாத்தப்ப ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே பிரச்சனைகள்தான் வெளிய வந்துச்சு. லீட்கிட்ட இத சொல்லுங்க.

செமிகோலன்:
தகவலுக்கு நன்றி, மரக்கட்டை கதை தெரியாது. ஆனா ஒரு சந்தேகம் எனக்கு உறுத்திட்டே இருக்கு. நிஜ ஆப்ல ஒரு பட்டன அமுக்கினா மூலையில "சேமிக்கப்பட்டது"ன்னு சின்னதா ஒண்ணு வந்துட்டுப் போயிடும், பாதி பேர் அத கவனிக்கவே மாட்டாங்க. பேப்பர்ல அந்த இடத்துல ஒரு மனுஷனோட கை வந்து தாள வெக்குது, கண்ணு தானா அங்க போகும். அப்போ "கவனிக்கல"ங்கற பிரச்சனை பேப்பர்ல எப்பவுமே வெளிய வராதே?

கட்டவிரல்:
ரொம்பச் சரியா புடிச்சீங்க. வராது. நான் இத முன்னாடியே சொல்லியிருக்கணும். தாள் மெதுவா மாறுறதால ஜனங்க ஒவ்வொரு ஸ்க்ரீனையும் நிஜத்தவிட நிதானமா படிப்பாங்க, அதனால ஒருத்தர் பேப்பர்ல கண்டுபுடிச்சுட்டார்ங்கறதுக்காக ஃபோன்லயும் கண்டுபுடிப்பார்னு நம்ப முடியாது. ஆனா பேப்பர்ல நிதானமா படிச்சும் புரியலன்னா ஃபோன்ல நிச்சயமா புரியாது. நான் பேப்பர் முடிவ இப்படித்தான் எடுத்துக்குவேன்.

கலர், எழுத்து சைஸ், வேகம், விரலால தள்ளுறது, கீபோர்டுல தப்பா அடிக்கிறது, இதெல்லாம் பேப்பர்ல கேக்கவே கேக்காதீங்க. வார்த்தை புரியுதா, வரிசை அவங்க யோசிக்கிற வரிசையா, அவங்களுக்குத் தேவையானது ஏதாவது விட்டுப் போச்சா, இதுக்கு பேப்பர் போதும்.

ஒலிவழி:
இந்த இழைய ஸ்க்ரீன் ரீடர்ல, அதாவது ஸ்க்ரீன்ல இருக்கறத சத்தமா வாசிக்கற சாஃப்ட்வேர்ல, கேட்டுட்டு இருக்கேன். ஒண்ணு சொல்லணும். எனக்குப் பார்வை இல்ல. ரெண்டு இடத்துல என்ன யூசர் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டு, போனப்புறம் பேப்பர்லதான் இருக்குன்னாங்க. நான் திரும்பி வந்துட்டேன். அப்புறம் ஆப் வெளிய வந்தப்ப பாத்தா புக் பண்ற பட்டனுக்குப் பேரே இல்ல, "பட்டன்" "பட்டன்" "பட்டன்"னு மூணு தடவ படிச்சுது. முதல் ரவுண்டுல விட்டுப்போனவங்கள கடைசி ரவுண்டுல யாரும் சேக்கறது இல்ல, அப்போ நேரம் முடிஞ்சிருக்கும்.

வழி இருக்கு. ஒரு டீம் என்கிட்ட அழகா பண்ணாங்க. கம்ப்யூட்டரா உக்காந்தவர் தாள் வெக்கல, அவரே ஸ்க்ரீன் ரீடர் ஆயிட்டார். நான் "அடுத்தது"ன்னு சொல்லுவேன், அவர் அடுத்த வரிய மட்டும் வாசிப்பார், "தலைப்பு, டாக்டர தேர்ந்தெடுங்க". நான் "அமுக்கறேன்"னா அதுக்கு அப்புறம் காதுல என்ன கேக்குமோ அத வாசிப்பார். அதுலயே ரெண்டு இடத்துல வரிசை தப்புன்னு தெரிஞ்சுது, தேதிக்கு முன்னாடியே "உறுதி செய்"னு வந்துச்சு. செலவு ஒண்ணும் இல்ல. தயவுசெஞ்சு இத முதல் ரவுண்டுலயே பண்ணுங்க.

பென்சில்முனை:
ஒலிவழி, நாங்க ஆறு பேர்ல ஒருத்தர் கூட இத யோசிக்கல, வெக்கமா இருக்கு. ஒரு ஆள இப்படியே கூப்பிடுறோம், உறுதியா.

மொத்தம் எத்தன பேர் போதும்? அஞ்சு பேர்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்காங்களே.

தூக்கணாங்குருவி:
அந்த அஞ்சுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. நீல்சன், லாண்டாவர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1993ல எழுதினது. ஒரு யூசர் சராசரியா மொத்தப் பிரச்சனைல 31 சதவீதம் கண்டுபுடிப்பார்னு வெச்சுக்கிட்டா அஞ்சு பேர்ல சுமார் 85 சதவீதம் வந்துரும். மூணு பேர்லயே மூணுல ரெண்டு பங்கு வந்துரும். ஆனா அந்த 31ங்கறது அவங்க பாத்த ப்ராஜெக்டுகளோட சராசரி, உங்க ப்ராடக்ட்ல அது ரொம்பக் குறைவா இருக்கலாம். 2001ல ஸ்பூலும் ஷ்ரோடரும் சில வெப்சைட்டுகள்ல பாத்தப்ப முதல் அஞ்சு பேர்ல 35 சதவீதம்தான் வந்துச்சு. அதனால அஞ்சு பேரோட முடிஞ்சுதுன்னு உக்காராதீங்க. அஞ்சு பேர், திருத்தம், மறுபடி வேற அஞ்சு பேர். பேப்பர்ல திருத்தறது சுலபம்ங்கறதால இதுக்கு அதுதான் தோது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஜனங்க பேப்பர்னா மனசு விட்டு குறை சொல்லுவாங்கன்னு மேல ஒரு நம்பிக்கை இருக்கு, அது முழுசா சரி இல்ல. 2006ல டோஹிடி, பக்ஸ்டன் குழு பேப்பர் மாதிரிகளையே வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரே ஒரு டிசைன மட்டும் பாத்தவங்க அதுக்கு நல்ல மார்க் குடுத்தாங்க, குறை சொல்லத் தயங்கினாங்க. மூணு விதமான டிசைன பாத்தவங்க தயங்காம குறை சொன்னாங்க. எதிர்ல உக்காந்திருக்கறவர் மனசு நோகக் கூடாதுன்னு எல்லாருக்கும் இருக்கும் இல்லயா. முடிஞ்சா ரெண்டு மூணு விதமா வரைஞ்சு காட்டுங்க.

வரிக்குதிரை:
எங்க டீம் எல்லாரும் வேற வேற இடத்துல இருந்து வேலை பாக்கறோம். இத வீடியோ கால்ல பண்ண முடியுமா யாராவது சொல்லுங்களேன்.

கட்டவிரல்:
முடியும், ஆனா பாதி சுகம் போயிடும். வரைஞ்சத ஃபோட்டோ எடுத்து ஸ்லைடுல வெச்சு ஸ்க்ரீன் ஷேர் பண்ணி, "எத அமுக்குவீங்க வாயால சொல்லுங்க"ன்னு கேட்டு மாத்திட்டே போலாம். கேமராவ மேசைய பாத்து வெச்சும் பண்ணிருக்கேன். போயிடறது என்னன்னா, நேர்ல ஒருத்தர் விரல் ஒரு பட்டனுக்கு மேல போயி தயங்கி நின்னு வேற பக்கம் போகும் பாருங்க, அந்தத் தயக்கம் கால்ல தெரியாது.

பென்சில்முனை:
(ஒன்பது நாள் கழிச்சு)

பண்ணிட்டோம்! லீட் "சரி ஒரு நாள் தர்றேன்"ன்னாரு. முந்தின நாள் பக்கத்து டீம் ஆள் ஒருத்தர வெச்சு ஒத்திகை பாத்தோம், அதுலயே மூணு தாள் வரையவே மறந்திருந்தோம்னு தெரிஞ்சுது. அப்புறம் அஞ்சு பேர், அதுல ஒருத்தர் ஒலிவழி சொன்ன முறைல.

முதல் அம்மா உக்காந்தாங்க. "ரெண்டு நாளா காய்ச்சல்"னு நிலைமைய சொன்னோம். முதல் ஸ்க்ரீன பாத்துட்டு அவங்க கேட்டது: "எனக்கு எதுக்கு, நான் எங்கம்மாவுக்குத்தானே பாப்பேன், அத எங்க சொல்றது?" நாங்க நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எங்க டிசைன் மொத்தமும் புக் பண்றவர்தான் நோயாளின்னு நெனச்சு வரைஞ்சது. பேரு, வயசு, பழைய ரிப்போர்ட் எல்லாம் லாகின் பண்ண ஆளோடது. ரெண்டு வாரம் பட்டன் மேலயா கீழயான்னு பேசினோம், இத ஒருத்தரும் பேசல. அடுத்த ஆள் வர்றதுக்குள்ள ஒரு ஸ்டிக்கி நோட்ல "யாருக்கு? எனக்கு / வேற ஒருத்தருக்கு"ன்னு எழுதி ஒட்டினோம். அடுத்து வந்த நாலு பேர்ல ரெண்டு பேர் "வேற ஒருத்தருக்கு"தான் தொட்டாங்க.

"ஸ்லாட்"ங்கற வார்த்தை மூணு பேருக்குப் புரியல, "நேரம்"னு மாத்தினதும் யாரும் நிக்கவே இல்ல. ரத்து பண்றத எல்லாரும் புக் ஆன கார்டுக்குள்ளயே தேடினாங்க, நாங்க மெனுவுல வெச்சிருந்தோம். ஸ்க்ரீன் ரீடர் முறைல பண்ணவர் நேரப் பட்டியல்ல பதினாலு "அடுத்தது" சொல்லி களைச்சுப் போயிட்டார், காலை மாலைன்னு தலைப்பு போட்டுப் பிரிச்சா தாவிப் போலாமேன்னு அவரே சொன்னார், அப்படியே பண்ணிட்டோம்.

எங்களுக்கு எதிர்பாராதது இதுதான். எங்க சீனியர் டெவலப்பர கம்ப்யூட்டரா உக்கார வெச்சோம். மூணாவது ஆள் புக் பண்ணி முடிச்சதும் குறிப்பெடுக்கறவங்க சும்மா, "அந்த டாக்டர் அன்னிக்கு லீவு போட்டுட்டா?"ன்னாங்க. அவர் கையில தாளக் கட்டு வெச்சுக்கிட்டு எத எடுக்கறதுன்னு தெரியாம அப்படியே நின்னுட்டார். தாள் இல்ல, ஏன்னா அந்த விதியே நாங்க யோசிக்கல. பணம் திரும்பப் போகணுமா, வேற டாக்டருக்கு மாத்தணுமா, யார் சொல்லுவா? அந்த "கொஞ்சம் பொறுங்க" கார்ட வெச்சுட்டு நாங்க முக்கால் மணி நேரம் அதப் பத்திதான் பேசினோம்.

செமிகோலன்:
அந்த டெவலப்பர் விஷயம் எனக்கு நல்லா உறைச்சுது. டூல்ல செஞ்சா லிங்க் குடுக்காத பட்டன் சும்மா அமுங்காம நிக்கும், டெமோல யாரும் அத அமுக்காம நாமளே பாத்துக்குவோம். கம்ப்யூட்டரா ஒரு மனுஷன் உக்காந்தா அவருக்கு பதில் தெரியலங்கறது எல்லார் முன்னாடியும் தெரிஞ்சு போகுது. மூலையில வர்ற சின்ன மெசேஜுக்கு நான் இன்னும் ஃபோன்லதான் டெஸ்ட் பண்ணுவேன், அதுல மாற்றம் இல்ல. ஆனா அடுத்த ப்ராஜெக்ட்ல முதல் ரவுண்டு பேப்பர், நானே கம்ப்யூட்டரா உக்கார்றேன். தாள்களுக்கு நம்பர் போட்டீங்களா இல்ல அப்படியே தேடினீங்களா?

பென்சில்முனை:
பின்பக்கம் நம்பர் போட்டு ஃபோல்டர்ல வரிசையா வெச்சோம் ப்ரோ, ஆனா டெஸ்ட் நடுவுல புதுசா வரைஞ்ச தாளுக்கு நம்பர் போட மறந்து குழம்பிட்டோம். அடுத்த தடவ புதுத் தாளுக்கு வேற கலர் மார்க்கர், ஒவ்வொரு ஆள் முடிஞ்சதும் மேசைய ஒரு ஃபோட்டோ. வியாழக்கிழமை ரெண்டாவது ரவுண்டு வெச்சிருக்கோம், லீட் தானா வந்து குறிப்பெடுக்கறேன்னாரு. லீவு கார்டு மூணு விதமா வரைஞ்சு வெச்சுட்டோம், எது புரியுதுன்னு பாத்துட்டு இங்கயே எழுதறேன்.